பூதத்துக்கு முகம் வரைந்தவர்கள்

1925 மே மாதம். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதி. கிளிண்டன் தெருவில் 169ஆம் எண் வீடு. அங்கே ஒற்றை அறையில் குடியிருந்த ஒரு மனிதர் தூங்கி எழுந்து பார்க்கிறார். சூட்டுகள் போச்சு. ஓவர்கோட் போச்சு. மனைவியின் பெட்டி போச்சு. நண்பர் ஒருவர் நம்பிக் கொடுத்துவைத்திருந்த ரேடியோவும் போச்சு. திருடர்கள் பக்கத்து அறை வழியாக வந்து, சத்தமில்லாமல் துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஏற்கெனவே அவர் நொந்து போயிருந்தார். வயது 34. வேலை இல்லை. எங்கே மனுப் போட்டாலும் கிடைப்பதாகவும் இல்லை. தொப்பி வியாபாரத்தில் நஷ்டப்பட்ட மனைவி சோனியா, வேலைக்காக வெளியூர் போய் அவருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். இவர் இங்கே டின்னில் அடைத்த பீன்ஸும் ரொட்டியும் சீஸுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். இந்த லட்சணத்தில் உடுத்தவும் துணி இல்லை.

ஹோவர்ட் பிலிப்ஸ் லவ்கிராஃப்ட். இன்றைக்கு உலகம் முழுக்கத் திகில் கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் கடன்பட்டிருக்கும் மனிதர். அன்றைக்கு அவர் ஒன்றுமில்லை. மட்டமான காகிதத்தில் அச்சாகும் ‘வியர்ட் டேல்ஸ்’ மாதிரி பத்திரிகைகளில் எப்போதாவது கதை வரும். அவ்வளவுதான்.

அந்தத் தெருவும் சுற்றுவட்டாரமும் துறைமுகத்தை ஒட்டியவை. சிரியாக்காரர், இத்தாலிக்காரர், ஸ்பெயின்காரர், கறுப்பினத்தவர் என்று கலவையான ஜனம். லவ்கிராஃப்டுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. திருட்டுக்குப் பிறகு வந்த கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். 1912லேயே கறுப்பினத்தவரைக் கேவலப்படுத்திக் கவிதை எழுதியவர் அவர். நியூயார்க் தெருக்களில் வெளிநாட்டு முகங்களின் கூட்டத்தைப் பார்த்தால் கோபத்தில் முகம் வெளுத்துவிடும் என்று அவர் மனைவியே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த மனைவி யார்? உக்ரைனில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதப் பெண்! நானும் அவர்களில் ஒருத்திதானே என்று சோனியா நினைவூட்டினால், நீ இப்போது திருமதி லவ்கிராஃப்ட் ஆயிற்றே என்று சமாளிப்பாராம். குடியேறி வந்தவர்களை வெறுத்த மனிதரின் அடுப்பு எரிந்தது, குடியேறி வந்த ஒருத்தியின் சம்பளத்தில்.

திருட்டு நடந்து இரண்டே மாதம் கழித்து, ஆகஸ்ட் முதல் இரண்டு நாளில் உட்கார்ந்து ஒரு கதை எழுதி முடித்தார். ‘தி ஹாரர் அட் ரெட் ஹூக்’. புரூக்ளின் துறைமுகப் பகுதியில் குடியேறிகள் கூட்டமாகச் சேர்ந்து நிலவறைகளில் பேய் பூஜை செய்கிறார்கள், குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்று போகிற கதை. குர்து இனத்தவர், யாசிதிகள் என்று பெயர் சொல்லியே வில்லனாக்கியிருப்பார்.

அவர் மட்டும் அப்படி இல்லை. தேசமே அந்த மனநிலையில்தான் இருந்தது. 1923ல் பகத்சிங் திந்த் என்ற பஞ்சாப்காரர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்தவர், குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். இந்தியர்கள் வெள்ளையர் இல்லை, குடியுரிமை கிடையாது என்று தீர்ப்பு வந்தது. அடுத்த வருடம், லவ்கிராஃப்ட் கல்யாணம் செய்துகொண்ட அதே 1924ல், ஜான்சன்-ரீட் சட்டம். இனிமேல் ஒவ்வொரு தேசத்திலிருந்தும் இத்தனை பேர்தான் குடியேறலாம். எத்தனை பேர்? 1890ஆம் வருடக் கணக்கெடுப்பின்போது அந்த தேசத்தில் பிறந்தவர்கள் எத்தனை பேர் அமெரிக்காவில் இருந்தார்களோ, அதில் 2 சதவிகிதம். ஆசியர்கள்? ம்ஹும். அநேகமாகக் கதவே சாத்தியாகிவிட்டது.

ஏன் 1890? அதற்குப் பிறகுதான் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கணக்கைப் பின்னால் நகர்த்தினால் அவர்களுக்கான இடம் தானாகச் சுருங்கிவிடும். அழகான கணக்கு வேலை. இதில் ஒரு தற்செயல் உண்டு. லவ்கிராஃப்ட் பிறந்த வருடமும் 1890தான்.

*

1926ல் நியூயார்க் போதும் என்று மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊரான பிராவிடன்ஸுக்குத் திரும்பினார். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இருக்கும் பழைய ஊர். வந்த சில மாதங்களில் அவர் எழுதிய கதைதான் ‘தி கால் ஆஃப் கதுல்ஹு’. கடலுக்கு அடியில், மூழ்கிய நகரத்தில், யுகக்கணக்காகத் தூங்கும் ஒரு பிரம்மாண்ட ஜந்து. ஆக்டோபஸ் தலை, டிராகன் உடம்பு. பெயரை உச்சரிக்க வரவில்லையா? கவலை வேண்டாம். மனித நாக்கால் சரியாக உச்சரிக்க முடியாது என்பதுதான் அதை உருவாக்கியவர் செய்த ஏற்பாடே.

நம் ஊர்ப் பேய்க்கெல்லாம் ஒரு நியாயம் இருக்கும். கொலையான மருமகள், ஏமாற்றப்பட்ட காதலி, புதையலைக் காக்கும் கிழவன். பரிகாரம் செய்தால் போய்விடும். லவ்கிராஃப்டின் ஜந்துக்களுக்கு நம்மிடம் எந்த வழக்கும் இல்லை. நாம் ரோட்டில் நடக்கும்போது காலடியில் எறும்பு நசுங்குகிறது. எறும்போடு நமக்கென்ன பகை? அப்படித்தான். இந்தப் பிரபஞ்சத்துக்கு மனிதன் ஒரு பொருட்டே இல்லை, அது புரிகிற கணத்தில் அவனுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. காஸ்மிக் ஹாரர் என்று இதற்குப் பெயர் வந்தது.

பைத்தியம் அவருக்குப் புதிதில்லை. அப்பா மனநோய் முற்றி பட்லர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 1898ல் செத்துப்போனார். அம்மாவும் அதே மருத்துவமனையில் 1921ல். எப்படிப்பட்ட பயங்களோடு வளர்ந்திருப்பார் என்று புரிகிறதல்லவா?

ஆனால் அந்தப் பிரபஞ்ச பயத்துக்குள்ளும் ரெட் ஹூக் ஒளிந்துகொண்டிருந்தது. கதுல்ஹுவைக் கும்பிடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். நியூ ஆர்லியன்ஸ் சதுப்பு நிலத்தில் கூடும் கலப்பினத்தவர்களும் மாலுமிகளும்தான். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து வந்த பயம், நட்சத்திரம் வரை நீண்டுவிட்டது.

1937 மார்ச் 15. குடலில் புற்றுநோய். 46 வயதில் போய்ச் சேர்ந்தார். உயிரோடு இருந்தவரை புத்தகமாக வந்தது ஒன்றே ஒன்று. நண்பர்கள் ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரேயும் அவர் கதைகளைப் புத்தகமாகப் போடுவதற்கென்றே 1939ல் ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். இல்லாவிட்டால் அந்தப் பழைய பத்திரிகைகளோடு அவரும் மக்கிப் போயிருப்பார்.

*

இனி காமிக்ஸ்காரர்கள் வருகிறார்கள்.

லவ்கிராஃப்டின் பெரிய தந்திரம், முக்கியமான கட்டம் வரும்போது ‘அதை விவரிக்க வார்த்தை இல்லை’ என்று நழுவிவிடுவது. வாசகர் மீதியைத் தானே கற்பனை செய்து நடுங்குவார். காமிக்ஸில் இந்தப் பருப்பு வேகாது. கட்டம் போட்டாகிவிட்டது. உள்ளே எதையாவது வரைந்துதானே ஆகவேண்டும்? விவரிக்கவே முடியாததை எப்படி வரைவது?

முதலில் துணிந்தவர்களில் ஒருவர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன். 1951ல் ஈ.சி. காமிக்ஸின் ‘வால்ட் ஆஃப் ஹாரர்’ இதழில், லவ்கிராஃப்டின் ‘கூல் ஏர்’ கதை வேறு தலைப்பில் படக்கதையாக வந்தது. மூலக்கதை யாருடையது என்று ஒரு வார்த்தை கிடையாது. இதை ‘எடுத்தாள்வது’ என்று கௌரவமாகச் சொல்வார்கள். எழுதியவர் ஃபெல்ட்ஸ்டீன், வரைந்தவர் கிரஹாம் இங்கல்ஸ்.

இந்த ஃபெல்ட்ஸ்டீன் புரூக்ளினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். எப்போது? 1925 அக்டோபரில். புரூக்ளினின் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரு மனிதர் இந்த ஜனங்களால் நாடே அழியப்போகிறது என்று கதை எழுதுகிறார். அடுத்த மூன்று மாதத்துக்குள் அதே புரூக்ளினில் அந்த ஜனங்களின் வீட்டில் ஒரு குழந்தை பிறக்கிறது. அது வளர்ந்து, லவ்கிராஃப்ட் கதையைப் பொட்டிக்கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பின்னாளில் ‘மேட்’ பத்திரிகைக்கு ஏறக்குறைய முப்பது வருடம் ஆசிரியராகவும் இருந்து அமெரிக்காவைச் சிரிக்க வைக்கிறது!

1954ல் அமெரிக்க செனட் காமிக்ஸ் மீது விசாரணை நடத்தியது. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களாம். விளைவாக வந்த காமிக்ஸ் கோட், தலைப்பில் ‘ஹாரர்’ என்ற சொல்லே கூடாது என்றது. ஈ.சி. தன் திகில் இதழ்களை மூடியது. லவ்கிராஃப்ட் மறுபடி தலைமறைவு.

எட்டிப் பார்த்தது 1974ல், பேட்மேன் வழியாக. ஜோக்கரைப் பிடித்து அடைக்கும் மனநோய் மருத்துவமனைக்கு என்ன பெயர்? ஆர்க்கம். எழுத்தாளர் டென்னிஸ் ஓநீல் அந்தப் பெயரை எடுத்தது லவ்கிராஃப்ட் கதைகளில் வரும் கற்பனை ஊரிலிருந்து. லவ்கிராஃப்ட் என்ற பெயரையே கேள்விப்படாத கோடிக்கணக்கான பேர் ஆர்க்கமைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

*

கேள்விக்கு உண்மையான பதில் வந்தது அர்ஜென்டினாவிலிருந்து.

ஆல்பெர்டோ பிரெச்சியா 1919ல் உருகுவேயில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் பியூனஸ் அயர்ஸுக்குக் குடிபெயர்ந்தது. குடியிருந்த பேட்டையின் பெயர் மட்டாதெரோஸ். ஸ்பானிஷில் கசாப்புக் கூடங்கள் என்று அர்த்தம். பெயருக்கு ஏற்ற வேலை: தொழிற்சாலையில் மாட்டுக் குடலைச் சுரண்டிச் சுத்தம் செய்வது. அந்த நாற்றத்திலிருந்து தப்பிக்கத்தான் படம் வரையக் கற்றுக்கொண்டார். அவர் மட்டும் புரூக்ளினில் இருந்திருந்தால், லவ்கிராஃப்ட் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருப்பார்.

1973ல் தொடங்கி லவ்கிராஃப்ட் கதைகளை வரிசையாகப் படக்கதையாக்கினார் பிரெச்சியா. வசனம் மருமகன் நோர்பெர்டோ புஸ்காலியா. மனிதர்களையும் வீடுகளையும் ஓரளவு தெளிவாக வரைந்தவர், பூதம் வரும்போது தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். காகிதத்தைக் கிழித்து ஒட்டினார். மையைக் கொட்டி அழுத்தி எடுத்தார். கட்டத்துக்குள் ஏதோ கொழகொழவென்று இருக்கும். கண்ணா, வாயா, சதையா? உற்றுப் பார்த்தால் ஒரு நேரம் ஒன்றாகத் தெரியும், இன்னொரு நேரம் வேறொன்றாகத் தெரியும். தன் பயத்தை வாசகர் தலையில் ஏற்றாமல், வாசகரின் பயத்துக்கு அதில் இடம் விட்டுவைப்பது. அதுதான் அவர் திட்டம்.

அவருடைய நெடுநாள் கூட்டாளி, கதாசிரியர் ஹெக்டர் ஹெர்மன் ஊஸ்டர்ஹெல்ட். இருவரும் சேர்ந்து சே குவேராவின் வாழ்க்கையைக்கூடப் படக்கதையாகப் போட்டவர்கள். 1976ல் அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1977ல் ஊஸ்டர்ஹெல்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பவே இல்லை. அவருடைய நான்கு மகள்களும் அப்படியே காணாமல் போனார்கள். நான்கு பேரும்! பிரெச்சியாவின் படங்கள் இதற்கு முன்பே தொடங்கியவை. ஆனால் அதற்குப் பிறகு அவற்றைப் பார்க்கிற அர்ஜென்டினாக்காரருக்கு அந்தக் கறுப்புத் திட்டுகளில் என்ன தெரிந்திருக்கும்? கடல் பூதமா தெரிந்திருக்கும்?

அந்தப் படங்களில் ஒன்று, ‘தி டன்விச் ஹாரர்’, 1979 அக்டோபரில் அமெரிக்காவின் ‘ஹெவி மெட்டல்’ இதழின் லவ்கிராஃப்ட் சிறப்பிதழில் வெளியானது. பியூனஸ் அயர்ஸைச் சுற்றிவிட்டு லவ்கிராஃப்ட் சொந்த ஊர் திரும்பினார்.

அதன் பிறகு வரிசை நீளம். 1994ல் மைக் மிக்னோலா ‘ஹெல்பாய்’ கொண்டுவந்தார். நாஜிகள் மந்திரம் போட்டு வரவழைத்த பிசாசுக் குட்டியை ஒரு பேராசிரியர் எடுத்து வளர்க்கிறார். லவ்கிராஃப்ட் கணக்குப்படி அது உலகத்தை அழிக்கவேண்டும். மிக்னோலா கணக்கில் அது நல்ல பிள்ளையாக வளர்ந்து, லவ்கிராஃப்ட் பாணிப் பூதங்களோடு மோதி உலகத்தைக் காப்பாற்றுகிறது. வளர்ப்பு சரியாக இருந்தால் பிசாசும் மனுஷனாகும்! ஜப்பானில் கோ தானாபே 2010களில் லவ்கிராஃப்ட் கதைகளை ஒவ்வொன்றாக மங்காவாக்கத் தொடங்கினார். அண்டார்டிகாவின் பனியையும் பாழ்நகரத்தையும் கல் கல்லாக வரைந்து தள்ளினார். 1924 சட்டப்படி அமெரிக்காவுக்குள் குடியேறவே முடியாதவர்கள் ஜப்பானியர்கள்.

*

எல்லாரும் பூதத்தை வரைந்துகொண்டிருந்தபோது, பூதத்தை உருவாக்கிய பயத்தை வரைந்தவர் ஆலன் மூர். ‘வாட்ச்மென்’, ‘வி ஃபார் வெண்டெட்டா’ எழுதிய அதே இங்கிலாந்துக்காரர்.

ஆரம்பம் ஒன்றும் லட்சியக் கனவெல்லாம் இல்லை. வரி பாக்கி. அதைக் கட்டப் பணம் வேண்டும். ‘நியோனோமிகான்’ எழுத ஒப்புக்கொண்டது அதற்காகத்தான் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 2010ல் வர ஆரம்பித்தது. ஓவியம் ஜேசன் பரோஸ். லவ்கிராஃப்ட் வெளிப்படையாகச் சொல்லாமல் பூசி மெழுகிய பாலியலையும் இன வெறுப்பையும் மூர் எந்தத் திரையும் இல்லாமல் போட்டு உடைத்தார். படிக்கக் கஷ்டமான புத்தகம். பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாத புத்தகமும்கூட. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு பொது நூலகத்திலிருந்து 14 வயதுப் பெண் இதை எடுத்துப்போக, அம்மா புகார் கொடுத்தார். ஆராய்ந்த குழு இருக்கட்டும் என்றது. ஆனாலும் 2012ல் தூக்கிவிட்டார்கள். அதே வருடம்தான் அதற்குத் திகில் இலக்கியத்தின் பிராம் ஸ்டோக்கர் விருதும் கிடைத்தது.

வரி பாக்கி தீர்ந்தது. மூருக்கு லவ்கிராஃப்ட் பாக்கி தீரவில்லை. 2015 முதல் 2017 வரை பன்னிரண்டு இதழ்களாக ‘பிராவிடன்ஸ்’ வந்தது.

கதை நடப்பது 1919ல். மூர் அந்த வருடத்தைக் காரணமாகத்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். மதுவிலக்கு வரப்போகிறது. பெண்களுக்கு ஓட்டு வரப்போகிறது. ரஷ்யப் புரட்சி இங்கேயும் வந்துவிடுமோ என்று எல்லாருக்கும் உதறல். பாஸ்டனில் போலீஸ்காரர்களே வேலைநிறுத்தம் செய்கிறார்கள். அதைப் பார்த்து மிரண்டுபோய் லவ்கிராஃப்ட் ‘தி ஸ்ட்ரீட்’ என்று ஒரு கதையே எழுதினார். வெளிநாட்டு சதிகாரர்கள் குடியேறிய தெருவே கோபப்பட்டு அவர்கள் மேல் இடிந்து விழுகிற கதை.

மூரின் கதாநாயகன் ராபர்ட் பிளாக், நியூயார்க் நிருபர். யூதர், ஆனால் வெளியே சொல்வதில்லை. ஆண்களை விரும்புகிறவர், அதையும் சொல்வதில்லை. லவ்கிராஃப்ட் யாரையெல்லாம் கண்டு அருவருத்தாரோ அத்தனையும் ஒரே உடம்பில். இவர் ஊர் ஊராகப் போய், லவ்கிராஃப்ட் கதைகளில் பின்னால் பூதங்களாக வரப்போகிற மனிதர்களைச் சந்திக்கிறார். மீன் முகம் கொண்ட ஒரு ஊர்க்காரர்கள் அவரைப் பிரியமாகவே நடத்துகிறார்கள். லவ்கிராஃப்டின் மூலக்கதையில், ‘தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்’தில், அந்த ஜனங்களை அரசாங்கம் ராவோடு ராவாகப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பிவிடும். அது நல்ல காரியம் என்றே கதை சொல்லும். மூர் என்ன செய்கிறார்? அந்த ஊரில் தங்கிய இரவில் பிளாக்குக்கு ஒரு கெட்ட கனவு வருகிறது. ஸ்வஸ்திகா சின்னம். விஷவாயு அறை. மீன் முகத்துக்காரர்கள் போன இடத்துக்குப் பிறகு யார் போனார்கள் என்பது வாசகருக்குத் தெரியுமே.

கடைசியில் பிளாக் பிராவிடன்ஸ் போய் லவ்கிராஃப்டையே சந்திக்கிறார். தன் குறிப்பு நோட்டைப் படிக்கக் கொடுக்கிறார். அதிலிருந்து பிறக்கின்றன அந்தக் கதைகள் எல்லாம். எந்த மனிதர்களைப் பூதமாக்கினாரோ அவர்களில் ஒருவரின் கையெழுத்திலிருந்து.

இந்தக் காமிக்ஸின் கடைசி இதழில் ஓர் இந்தியர் வருகிறார். கற்பனைப் பாத்திரம் கிடையாது. எஸ்.டி. ஜோஷி. 1958ல் புனேயில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்குப் போனவர். லவ்கிராஃப்டுக்காகவே பிராவிடன்ஸில் இருக்கும் பிரவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அச்சுப் பிழைகளும் எடிட்டர் திருத்தங்களுமாகக் கிடந்த கதைகளைக் கையெழுத்துப் பிரதிகளோடு ஒப்பிட்டுச் சுத்தம் செய்தார். 1996ல் விரிவான வாழ்க்கை வரலாறு எழுதினார். லவ்கிராஃப்ட் விஷயத்தில் உலகத்திலேயே பெரிய அதாரிட்டி இவர்தான். கிளிண்டன் தெருவில் எதிரே வந்திருந்தால் இவரையும் பார்த்து முகம் சுளித்திருப்பார் லவ்கிராஃப்ட். இந்தியர் ஒருவர் இல்லாவிட்டால் அவர் இன்றைக்கு இந்த உயரத்தில் இருந்திருக்க மாட்டார்.

*

உலக ஃபேன்டஸி விருது என்று ஒன்று 1975லிருந்து கொடுக்கிறார்கள். விருதுச் சின்னம், லவ்கிராஃப்டின் தலை. செதுக்கியவர் கஹன் வில்சன் என்ற கார்ட்டூனிஸ்ட். 2011ல் சிறந்த நாவலுக்கான விருது, நைஜீரிய வம்சாவளி அமெரிக்கப் பெண் நெடி ஒகோராஃபோருக்குக் கிடைத்தது. தலையை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். அப்புறம்தான் அந்த 1912 கவிதை கண்ணில் பட்டது. தன் இனத்தை மனிதராகவே மதிக்காதவரின் தலை தன் வீட்டு ஷெல்ஃபில். என்ன செய்வது? ஏற்கெனவே இதை வாங்கியிருந்த எழுத்தாளர் சைனா மியேவில், தன் வீட்டில் அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பதாகச் சொன்னார்.

விவாதம் வளர்ந்தது. 2015 நவம்பரில், இனி அந்தத் தலை கிடையாது என்று அறிவித்தார்கள். கோபித்துக்கொண்டு, தான் வாங்கிய இரண்டு விருதுகளையும் திருப்பிக் கொடுத்தவர் யார் தெரியுமா? நம் ஜோஷி.

ஒருவர் சரி, மற்றவர் தப்பு என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஜோஷி இல்லாவிட்டால் அந்தக் கடிதங்களும் கவிதைகளும் இந்த அளவு வெளிச்சத்துக்கு வந்திருக்காது. ஒகோராஃபோர் இல்லாவிட்டால் அவற்றைப் படித்துவிட்டு எல்லாரும் பேசாமல் இருந்திருப்பார்கள்.

ஒகோராஃபோர் அதோடு நிற்கவில்லை. அவரும் காமிக்ஸ் எழுதினார். 2018ல் தொடங்கிய ‘லாகார்டியா’. ஓவியம் டானா ஃபோர்ட். வேற்றுக் கிரகவாசிகள் பூமிக்கு வந்துவிட்டார்கள். முதலில் இறங்கிய இடம் நைஜீரியா. கர்ப்பிணியான ஒரு டாக்டரம்மா, அவர்களில் ஒருவரை, செடி உருவத்தில் இருக்கும் ஓர் அகதியை, நியூயார்க் விமான நிலையத்தின் சோதனைக்குத் தப்பிக் கடத்திக்கொண்டு வருகிறார். பாட்டி வீட்டில் கொண்டுபோய் வைக்கிறார். அந்தக் கட்டடம் முழுக்க மனிதர்களும் கிரகவாசிகளும் கலந்து குடியிருக்கிறார்கள். சண்டை போட்டுக்கொள்கிறார்கள். சமாதானம் ஆகிறார்கள். 2020ல் ஐஸ்னர், ஹ்யூகோ இரண்டு விருதும் அதற்கு வந்தன.

அதே நியூயார்க். நட்சத்திரங்களிலிருந்து வந்த, விதவிதமான உருவம் கொண்ட அதே அந்நியர்கள். 1925ல் ஒரு மனிதர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிய பயங்கரம், 93 வருடம் கழித்து, பக்கத்து போர்ஷனில் வாடகைக்கு வந்து சேர்ந்தது.